அயுத்தயாவில் நான் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

அன்புள்ள அருண்,

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் ஏதாவது மீட்டிங் நடுவே மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு மறந்துவிடுவாய். தமிழ் என்றால் நீ எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போனதற்கு இப்போதாவது எனக்கு ஏதாவது பலன் கிடைக்கட்டும். மெதுவாகப் படி. தீபா கேட்டால் அவளுக்கும் படித்துக் காட்டு, மருமகளிடம் மறைக்க ஒன்றும் இல்லை. உன்னிடம்தான் இத்தனை நாள் மறைத்தேன்.

கலிபோர்னியாவில் இந்தச் சன்னிவேல் வீட்டை விற்றுவிட்டு டெக்சஸில் உங்களோடு வந்து இருக்கச் சொல்லி நீ ஒரு வருஷமாகக் கேட்கிறாய். கீழே எங்களுக்கென்று அறை கட்டிவிட்டாய். வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு பலகை எல்லாம் போட்டு வீடியோவும் அனுப்பினாய். உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேத்தியோடு இருக்கப்போகிற சந்தோஷத்தில் பாத்திரங்களை நியூஸ்பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டிகளில் அடுக்க ஆரம்பித்து, இப்போது எங்களுக்குச் சமைக்க ஒரு குக்கரும் ஒரு வாணலியும்தான் வெளியே இருக்கின்றன. நான்தான் இழுத்தடிக்கிறேன். முதலில் கூரை மாற்றிவிட்டு விற்கலாம் என்றேன். பிறகு எலுமிச்சை காய்ப்பு முடியட்டும் என்றேன். பிறகு மெடிகேர் இன்ஷூரன்ஸ் பிளான் மாற்றுவது கஷ்டம் என்றேன். போன மாதம் வீட்டு புரோக்கர் பெண்மணி வந்தபோது மார்க்கெட் சரியில்லை என்று அவருக்கே வகுப்பெடுத்தேன். எல்லாம் சாக்கு. உண்மையான காரணம் அயுத்தயாவில் நடந்தது. அதை நீ வேறு மாதிரி புரிந்துவைத்திருக்கிறாய். அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை, நான் சொல்லவே இல்லையே.

போன சித்திரையில் சென்னையில் உன் மாமா பெண் கல்யாணம். தீபாவும் குழந்தையும் முன்னாலேயே போய்விட்டார்கள். உனக்கு பாங்காக்கில் ஏதோ ஆபீஸ் மாநாடு. 'நீங்க ரெண்டு பேரும் பாங்காக் வழியா வாங்க, அயுத்தயா கூட்டிட்டுப் போறேன், சேர்ந்து சென்னை போயிடலாம்' என்று நீதான் சொன்னாய். தாய்லாந்தின் அந்தப் பழைய தலைநகரத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நீ ஞாபகம் வைத்திருந்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. அந்த மாதத்தில் அங்கே போகலாமா, மழையில்லாத கொடும் கோடையாயிற்றே என்று உன் அம்மா கேட்டாள். 'மாம்பலத்துல அக்னி நட்சத்திரத்துல கிரிக்கெட் ஆடினவன்டி நான், என்கிட்ட வெயிலைப் பத்திப் பேசறியா' என்று அவள் வாயை அடைத்தேன். மாம்பலத்தை விட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, சன்னிவேலில் ஃபாரன்ஹீட்டில் எண்பது டிகிரி தாண்டினால் ஏசி போட்டுக்கொண்டு உட்காருகிற ஆள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இங்கே இருக்கும் நம் ஆட்கள் அத்தனை பேரும் இந்த ஜம்பம் அடிப்பார்கள். ஊர் வெயில் உடம்போடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்திருப்பதாக ஒரு நினைப்பு.

காலையில் வேனில் கிளம்பினோம். உன் போனில் அன்றைய நிகழ்ச்சி நிரல் முழுக்க இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் பெரிய கோயில்கள் எல்லாம், பிறகு மியூசியம், பிறகு ஆற்றங்கரைக் கோயில். நீ எதையும் அப்படித்தான் செய்வாய், அது என்னிடமிருந்து வந்த குணம், அதனால் அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த ஊரில் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா அந்த வாரம்தான் முடிந்திருந்தது. கடைகளில் பிளாஸ்டிக் தண்ணீர்த் துப்பாக்கிகளைத் தள்ளுபடியில் தொங்கவிட்டிருந்தார்கள். சாலையோரம் சரக்கொன்றை மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. மற்றபடி புல்லெல்லாம் காய்ந்து, செங்கல் கோபுரங்கள் வெயிலை வாங்கி நம் மேலேயே திருப்பி விட்டுக்கொண்டிருந்தன. வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள். படையெடுத்து வந்தவர்கள் ஊரையே கொளுத்திவிட்டுப் போனதை நான் படித்திருந்தேன், ஆனால் அந்தச் சுவர்களின் மேல் கை வைத்தபோதுதான் அது நடந்த விஷயம் என்று தோன்றியது. நான் சந்தோஷமாக இருந்தேன் அருண். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலை நேரம் எனக்குக் குறையே இல்லை.

இனி சொல்ல வேண்டியது கொஞ்சம் சங்கடமான விஷயம். எனக்கு ப்ராஸ்டேட் தொந்தரவு இருக்கிறது. பயப்படாதே, என் வயதுக்காரர்களுக்கு வருவதுதான், இங்கே டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்திருக்கிறார். பிரஷர் மாத்திரை வேறு. இரண்டும் சேர்ந்து என்னை அடிக்கடி பாத்ரூமுக்கு அனுப்பும். வந்தால் அடக்க முடியாது. இது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு வழியில் பெட்ரோல் பங்கில் ஒருமுறை வேனை நிறுத்தச் சொன்னேன். முதல் கோயில் வாசலில் மறுபடி. பிறகு ஆலமர வேர்களுக்கு நடுவே புத்தர் தலை சிக்கியிருக்கும் அந்தக் கோயிலுக்கு வந்தோம். போட்டோ எடுத்துக்கொள்பவர்களின் தலை புத்தர் தலைக்கு மேலே போகக்கூடாதாம், காவலாளி என்னைக் கீழே உட்காரச் சொன்னார். குந்தி உட்கார்ந்ததுதான் தாமதம், மறுபடி முட்டிக்கொண்டு வந்துவிட்டது. எழுந்து உன்னிடம் வந்து, 'அருண், பாத்ரூம் எங்கடா இருக்கு?' என்று கேட்டேன். நீ போனில் அடுத்த இடத்துக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தாய். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. 'மறுபடியுமாப்பா? சீரியஸ்லி? இப்பதானே போனீங்க' என்றாய்.

நீ அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எரிச்சலாகக்கூடச் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்தாய் என்றுகூட நினைக்கிறேன். உடனே விசாரித்து, வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டியும் கொடுத்தாய். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நீ பேசியது புரிந்திருக்கப்போவதில்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. போய்விட்டு வந்தேன். வரும்போதே முடிவு செய்துவிட்டேன், இனி இன்றைக்கு இவனிடம் இதைக் கேட்கிற நிலைமைக்கு நான் வரக்கூடாது என்று. அதற்கு வழி ஒன்றுதான். உள்ளே போனால்தானே வெளியே வரும். நீ எனக்குக் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து கொடுத்தாய். நான் வாயில் வைத்து உதட்டை நனைத்துவிட்டு, நீ திரும்பியதும் பையில் போட்டேன். சாப்பாட்டுக் கடையில் இளநீர் வாங்கிக் கொடுத்தாய், அதை மெல்ல அம்மா பக்கம் தள்ளிவிட்டேன். அவளும் வெயிலில் எதையும் கவனிக்காமல் இரண்டையும் குடித்து முடித்தாள்.

மத்தியானத்துக்கு மேல் ஆற்றங்கரைக் கோயில். எதிரே கடைகளில் பழைய காலத்து ராணி உடைகளை வாடகைக்குக் கொடுக்கிறார்கள், அதை உடுத்திக்கொண்டு கோயிலில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். உன் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், பச்சைப் பட்டும் தங்க ஒட்டியாணமும் தலையில் பூவுமாக வெளியே வந்தாள். நன்றாகத்தான் இருந்தாள், அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். நீ அவளைப் படிக்கட்டில் நிற்க வைத்துப் படம் எடுத்தாய். நான் சுவர் நிழலில் நின்றேன். வாய் ஒட்டிக்கொண்டது. வியர்வை நின்றுபோயிருந்தது, அது நல்லது என்று நினைத்தேன் பார், அவ்வளவு மூளை. அதன் பிறகு செங்கல் தரை மேலே வந்தது.

கண்ணைத் திறக்க முடியவில்லையே தவிர எனக்குக் காது கேட்டது. 'அப்பா, அப்பா, லுக் அட் மீ, அப்பா' என்று நீ கத்தியது கேட்டது. என்னை நீயேதான் தூக்கிக்கொண்டு வேன் வரைக்கும் ஓடினாய். வழியெல்லாம் நீ அழுதாய். நீ சத்தம் போட்டு அழுது நான் கேட்டது உன் சின்ன வயசோடு சரி. பக்கத்தில் உன் அம்மா ராணி வேஷத்தில் என் காலைத் தேய்த்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்து ஸ்ட்ரெச்சர்காரர்களே ஒரு நிமிஷம் திகைத்திருப்பார்கள். அவளுடைய சுடிதார் கடையிலேயே கிடந்தது. கடைக்காரப் பெண்மணி ஸ்கூட்டரில் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்து, பட்டைத் திருப்பிக் கேட்காமல் முதலில் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாராம். டிரிப்ஸ் ஏறியதும் எனக்குத் தெளிந்துவிட்டது. டாக்டர் இளம் பெண். நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில், இன்று தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டார். நிறையக் குடித்தேன் என்றேன். நீ பக்கத்தில் நின்று, ஆமாம், நானே கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று சாட்சி சொன்னாய். தண்ணீரும் குடித்து இப்படி ஆகியிருக்கிறதே என்று அந்தப் பெண் குழம்பிப்போய் இதயத்துக்கு ஒரு டெஸ்ட், தலைக்கு ஒரு டெஸ்ட் என்று எழுதினார். ஒவ்வொரு டெஸ்டுக்கும் உன் முகம் இன்னும் வெளுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் வாயைத் திறக்காமல் படுத்திருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் குடிக்கவில்லை என்று கேட்பாயே, அதற்கு என்ன பதில் சொல்வது.

சென்னையில் நீ எல்லோரிடமும் 'அப்பாவுக்கு வயசாயிடுச்சு, முன்ன மாதிரி இல்ல' என்று சொல்லிவிட்டாய். கல்யாண மண்டபத்தில் என்னை ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து நகரவிடவில்லை. பந்திக்குப் போகும்போது உன் மாமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், அவர் என்னைவிட மூத்தவர். திரும்பி வந்ததும் நீ சன்னிவேலுக்கே வந்து நம் வீட்டு ஹாலில் கேமரா வைத்தாய். ராத்திரியில் நான் கார் ஓட்டக்கூடாது என்றாய். பிறகு டெக்சஸ் பேச்சு ஆரம்பித்தது. ஆற்றங்கரையில் நீ என்னைத் தூக்கியபோது வந்த பயம் உன்னை விட்டுப் போகவில்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் நீ பயப்படுவது ஒன்று, எனக்கு நடந்தது வேறு. இந்த உடம்பு வெயில் தாங்காமல் விழவில்லை. உன்னிடம் இன்னொரு முறை கேட்க வெட்கப்பட்டு விழுந்தது.

நான் தண்ணீர் குடிக்காதது அம்மாவுக்கும் அப்போது தெரியாது. விமானத்தில் பெட்டிக்குள் திணித்து அனுப்பிய அந்தப் பையைச் சென்னையில் காலி செய்யும்போது, பாட்டில்களில் தண்ணீர் குறையாமல் அப்படியே இருந்ததைப் பார்த்துப் பிடித்துவிட்டாள். 'சொல்லித் தொலைச்சிருக்கலாமே! பெத்த புள்ளைகிட்ட என்ன வெட்கம்? உயிர் போயிருந்தா?' என்று கேட்டாள். அதிலிருந்து ஒரு வருஷமாக இதே பாட்டு. கடைசியாகப் போன வாரம், 'நீங்க சொல்றீங்களா, இல்ல நான் அவனுக்கு போன் போடட்டுமா?' என்றாள். அவள் சொன்னால் நான் ஏதோ உன்மேல் புகார் சொல்லியனுப்பிய மாதிரி ஆகும். அதனால்தான் நானே எழுதுகிறேன்.

அந்தச் சாக்குகளுக்கெல்லாம் பின்னால் இருந்தது இதுதான். உன் வீட்டுக்கு வந்தால் நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே எனக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். எல் கமினோ ரியல் சாலையில் எந்த இட்லிக் கடையில் பாத்ரூம் பின்பக்கம் இருக்கிறது, எந்த மளிகைக் கடையில் சாவி கேட்டு வாங்க வேண்டும், நூலகத்தில் எந்த மாடியில் கூட்டம் இருக்காது என்று எனக்கு அத்துப்படி. வாக்கிங் போகும் பார்க்குகளைக்கூட அதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன். சிரிப்பு வருகிறதா? வரட்டும். இந்த ஊரைவிட்டு வர மனசில்லை என்று ஒருவன் சொல்லும்போது எல்லோரும் ஏதோ பெரிய பாசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் விஷயத்தில் பாதிக்குமேல் இதுதான். உங்கள் ஊரில் எங்கே போவதானாலும் ஃப்ரீவேயில் ஏற வேண்டும், ராத்திரியில் ஓட்டக்கூடாது என்று நீயே சொல்லிவிட்டாய், ஆக நீயோ தீபாவோதான் என்னைக் கூட்டிப்போக வேண்டும். தீபா நல்ல பெண். ஆனால் மருமகளிடம் போய் வண்டியை நிறுத்தும்மா என்று எத்தனை தடவை சொல்வது?

என் அப்பா ஒரே ஒருமுறை அமெரிக்கா வந்தார், உனக்கு அப்போது ஏழெட்டு வயசு இருக்கும். அவரை யோசெமிட்டி மலைக்குக் காரில் கூட்டிப்போகும் அன்றைக்குக் காலையில் உன் அம்மா டிகாக்ஷன் போட்டுக் காபி கலந்து கொடுத்தாள். காபி இல்லாமல் கண் திறக்காத மனுஷன், 'வேண்டாம்மா, இன்னிக்கு வயிறு சரியில்லை' என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். சாயங்காலம் அறைக்கு வந்து சேரும்வரை ஒன்றும் குடிக்கவில்லை. வந்ததும் குடித்தார் பார், நிறுத்தாமல். நம் வீட்டுக் காபி அவருக்குப் பிடிக்கவில்லை என்று நானும் உன் அம்மாவும் அன்று ஒரு சண்டையே போட்டோம். இப்போதுதான் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. சரியாகத்தான் தோன்றுகிறதா என்று கேட்க அவர் இல்லை. நான் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிள்ளைகளிடம் எதையும் கேட்டு வாங்காமல் இருப்பது ஒரு கௌரவம் என்று எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். அது சுத்த முட்டாள்தனம், அது உன்னோடாவது நிற்க வேண்டும். நாளைக்கு உன் மகள் வளர்ந்து ஏதாவது வாய் தவறிச் சொன்னால், அங்கேயே, அந்த நிமிஷமே, 'எனக்கு வலிக்குது குட்டி' என்று சொல்லிவிடு. ஒரு வருஷம் கழித்துக் கடிதம் எழுதாதே.

உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. இருந்தது. விமானத்தில் இருந்தது, மண்டபத்தில் இருந்தது, நீ ஹாலில் ஏணி போட்டு ஏறி கேமரா மாட்டியபோது ரொம்பவே இருந்தது. யாரோ தெரியாதவன் சொல்லியிருந்தால் அந்த வார்த்தையை அன்றே மறந்திருப்பேன். நீ சொன்னதால் ஒட்டிக்கொண்டது. நீயோ அதைச் சொன்னதே உனக்கு நினைவிருக்காது. இதைப் படித்ததும் நீ எப்படித் துடிப்பாய் என்று எனக்குத் தெரியும், அதற்காக எழுதவில்லை. உடனே போன் போட்டு சாரி சாரி என்று ஆரம்பிக்காதே. உனக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்பதை வேன் வரைக்கும் நீ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதே நான் கேட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது வேறு.

பேத்திக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் நாங்கள் வருகிறோம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் பூஜை அலமாரியையும் பெட்டி கட்டிவிட்டாள். பழைய காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு எங்களை விமானத்தில் வரச் சொல்கிறாய். விமானம் வேண்டாம். நீ இங்கே வா, நாம் மூவரும் அந்தக் காரிலேயே போவோம். அரிசோனா, நியூ மெக்சிகோ, அதற்கப்புறம் முடிவே இல்லாத உங்கள் டெக்சஸ், எல்லாம் ஜூன் மாத வெயில், ஓர் எக்ஸிட்டுக்கும் அடுத்த எக்ஸிட்டுக்கும் நடுவே ஒன்றும் இருக்காது. நீதான் ஓட்ட வேண்டும். நான் வழியெல்லாம் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் வருவேன். நிறுத்து என்று கேட்பேன், கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் கேட்பேன், உனக்கு அலுத்துப்போகும் அளவுக்குக் கேட்பேன். கேட்டபோதெல்லாம் நீ நிறுத்த வேண்டும். வீட்டை விற்பதா வேண்டாமா என்பதை உன் வாசலில் வந்து இறங்கியபிறகு சொல்கிறேன்.

அப்பா